வீட்டு வரி கூடிப்போச்சா? கணக்கைச் சரிபாருங்கள்!

சதுர அடி தப்பாக இருந்தால் ஆண்டுதோறும் நஷ்டம்
மனு கொடுத்தால் குறைக்க வழி உண்டு

சென்னை நகரில் சொந்த வீடு வைத்திருப்பவர்களுக்கு வருஷத்துக்கு இரண்டு தடவை தலைவலி வரும். ஒன்று ஏப்ரலில். இன்னொன்று அக்டோபரில். அந்தத் தலைவலிக்குப் பெயர் வீட்டு வரி!

ஆபீசு பாஷையில் இது "சொத்து வரி". ஆனால் மண்ணடி முதல் மாம்பலம் வரை மக்கள் வாயில் வருவது "வீட்டு வரி"தான்.

"என்ன சார் இது! போன தடவை கட்டியதுக்கும் இந்தத் தடவைக்கும் இவ்வளவு வித்தியாசம்?" என்று மாநகராட்சி கவுண்டரில் கேட்பவர்கள் பலர். "கம்ப்யூட்டரில் இப்படித்தான் காட்டுது" என்ற பதிலைக் கேட்டுவிட்டு, பணத்தைக் கட்டிவிட்டுத் திரும்புகிறவர்களும் பலர்.

கம்ப்யூட்டர் தானாகக் கணக்குப் போடாது. யாரோ ஒருவர் எழுதிக் கொடுத்த சதுர அடியை வைத்துத்தான் அது கணக்குப் போடுகிறது. அந்தச் சதுர அடி தப்பு என்றால் வரியும் தப்பு! தப்பைக் கண்டுபிடிக்க வேண்டியவர் வீட்டுக்காரர்தான்.

இரண்டு தவணை

சென்னையில் வீட்டு வரி அரையாண்டுக்கு ஒரு முறை வசூலிக்கப்படுகிறது. ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 30 வரை முதல் அரையாண்டு. அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை இரண்டாம் அரையாண்டு.

ரசீதில் உள்ள தொகை ஆறு மாதத்துக்கு உரியது. இதை முழு ஆண்டுக்கு உரியது என்று நினைத்து ஒரு தவணையோடு நிறுத்திவிட்டு, பிறகு "பாக்கி" என்று நோட்டீசு வந்ததும் திடுக்கிடுகிறவர்கள் உண்டு.

ரசீதின் மேலே நீளமாக ஒரு எண் இருக்கும். அதில் மண்டல எண், வார்டு எண், பில் எண், உட்பிரிவு எண் எல்லாம் வரிசையாக அடங்கியிருக்கும். எந்த மனு எழுதினாலும் இந்த எண் இல்லாமல் வேலை நடக்காது. முதலில் இதை ஒரு தாளில் குறித்து வையுங்கள்.

கணக்கு எப்படி?

வீட்டை இன்று விற்றால் என்ன விலை போகும் என்று பார்த்துப் போடும் வரி அல்ல இது. "இந்த வீட்டை வாடகைக்கு விட்டால் என்ன கிடைக்கும்?" என்ற கேள்வியில் இருந்து கணக்கு தொடங்குகிறது.

அதற்காக ஒவ்வொரு தெருவுக்கும் சதுர அடிக்கு இவ்வளவு என்று மாநகராட்சி ஒரு அடிப்படை வீதம் வைத்தது. குடியிருப்பு வீடுகளுக்கு இது சதுர அடிக்கு 60 காசு முதல் 2 ரூபாய் 40 காசு வரை இருந்தது. கடை, ஆபீசு என்றால் 4 ரூபாய் முதல் 12 ரூபாய் வரை.

ஒரு உதாரணம் பார்க்கலாம். வீடு 1,000 சதுர அடி. தெருவின் வீதம் 1 ரூபாய் 50 காசு. இரண்டையும் பெருக்கினால் 1,500 ரூபாய். இது மாத வாடகை மதிப்பு.

12 மாதத்துக்கு 18,000 ரூபாய். இதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 1,800 ரூபாய், நிலத்துக்கு உரியது என்று ஒதுக்குகிறார்கள். மீதி 16,200 ரூபாய் கட்டடத்துக்கு உரியது. கட்டடம் தேயும் அல்லவா? அதற்காக 10 சதவீதம், அதாவது 1,620 ரூபாய் கழிக்கிறார்கள். மிஞ்சுவது 14,580. இதோடு நிலத்தின் 1,800 ரூபாயைச் சேர்த்தால் 16,380 ரூபாய்.

இதுதான் "ஆண்டு மதிப்பு". சுருக்கமாகச் சொன்னால், மாத மதிப்பை 10.92 ஆல் பெருக்கினால் இந்தத் தொகை வந்துவிடும்.

இந்த ஆண்டு மதிப்பில் குறிப்பிட்ட சதவீதம் வரி. மதிப்பு கூடக் கூட சதவீதமும் படிப்படியாகக் கூடும். ஆகவே சதுர அடியோ தெருவின் வீதமோ தப்பாக ஏறிவிட்டால் கடைசி வரை எல்லாமே தப்பாகிவிடும்.

உயர்ந்த கதை

சென்னையில் 1998-ல் வரிச் சீரமைப்பு நடந்தது. அதன் பிறகு 20 ஆண்டுகள் பொதுச் சீரமைப்பே இல்லை.

2018-ல் உயர்வு வந்தது. வீடுகளுக்கு 50 சதவீதம் வரை, கடை போன்றவற்றுக்கு 100 சதவீதம் வரை உயர்த்தினார்கள். மக்கள் முணுமுணுத்தார்கள். 2019 நவம்பரில் அந்த உயர்வு நிறுத்தி வைக்கப்பட்டது. கூடுதலாகக் கட்டிய பணம் அடுத்து வரும் அரையாண்டுகளில் கழித்துக்கொள்ளப்படும் என்று அரசு அறிவித்தது. ரசீதைப் பத்திரமாக வைத்திருந்தவர்கள் தங்கள் பணம் கழிக்கப்பட்டதா என்று சரிபார்த்துக்கொண்டார்கள். தூக்கி எறிந்தவர்கள் கையைப் பிசைந்தார்கள்.

2022 ஏப்ரலில் மறுபடியும் உயர்வு. மத்திய நிதிக் குழுவின் மானியம் பெற வேண்டுமானால் வரியைச் சீரமைக்க வேண்டும் என்பது அரசு சொன்ன காரணம்.

இந்தத் தடவை வீட்டின் அளவைப் பார்த்து உயர்த்தினார்கள். பழைய சென்னைப் பகுதியில்,

600 சதுர அடி வரை — 50 சதவீத உயர்வு.

601 முதல் 1,200 வரை — 75 சதவீதம்.

1,201 முதல் 1,800 வரை — 100 சதவீதம்.

1,800-க்கு மேல் — 150 சதவீதம்.

கடைகள், வணிகக் கட்டடங்களுக்கு 150 சதவீதம்.

2011-ல் சென்னையோடு சேர்ந்த புறநகர்ப் பகுதி வீடுகளுக்கு இதே வரிசையில் 25, 50, 75, 100 சதவீதம் என்று சற்றுக் குறைவு.

பிறகு 2024 அக்டோபர் முதல் இன்னும் 6 சதவீதம் ஏறியது.

ரூபாயில் பார்த்தால்

சதவீதம் சொன்னால் புரியாது. ரூபாயில் பார்ப்போம். எல்லாம் பழைய சென்னைப் பகுதிக் கணக்கு. எல்லாம் அரையாண்டுத் தொகை.

சின்ன வீடு, 600 சதுர அடிக்குள். முன்பு 810 ரூபாய் கட்டியவருக்கு 2022-ல் 1,215 ரூபாய் ஆனது. 6 சதவீதம் சேர்ந்து சுமார் 1,288 ரூபாய்.

1,000 சதுர அடி வீடு. முன்பு 1,000 ரூபாய். 2022-ல் 1,750. பிறகு 1,855.

2,000 சதுர அடி பெரிய வீடு. முன்பு 3,000 ரூபாய். 2022-ல் 7,500. பிறகு 7,950.

கடைக்காரர் 2,000 ரூபாய் கட்டி வந்தார் என்றால் 2022-ல் 5,000. பிறகு 5,300.

உங்கள் பழைய ரசீதை எடுத்து இதே மாதிரி பெருக்கிப் பாருங்கள். விடை ஒத்து வந்தால் சரி. ஒத்து வராவிட்டால் எங்கோ தப்பு இருக்கிறது!

எல்லைக்கோட்டு வீடுகள்

ரொம்ப ஜாக்கிரதையாக இருக்க வேண்டியவர்கள் எல்லைக்கோட்டில் வீடு வைத்திருப்பவர்கள்.

ஒருவருடைய அடுக்குமாடி வீடு உண்மையில் 1,190 சதுர அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். மாநகராட்சிப் பதிவேட்டில் 1,230 என்று ஏறிவிட்டது. நாற்பது அடிதானே என்று விட முடியுமா?

முடியாது! 1,200-ஐத் தாண்டியதால் 75 சதவீத உயர்வுக்குப் பதில் 100 சதவீத உயர்வு வந்துவிடும். பழைய வரி 2,000 ரூபாய் என்றால், 3,710 கட்ட வேண்டியவர் 4,240 கட்டுகிறார். அரையாண்டுக்கு 530 ரூபாய் தண்டம். வருஷத்துக்கு 1,060. பத்து வருஷத்தில் 10,600 ரூபாய்! நாற்பது அடிக்கு ஏறிய அடிப்படை வரி தனி.

மாதச் சம்பளக் குமாஸ்தாவுக்கும் பென்ஷன் வாங்குகிறவருக்கும் இது சின்னத் தொகை அல்ல.

தண்ணீர் வரியும் சேரும்

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. மெட்ரோ வாட்டர் வாரியம் போடும் குடிநீர், கழிவுநீர் வரியும் இந்த ஆண்டு மதிப்பை வைத்துத்தான். ஆண்டு மதிப்பில் 7 சதவீதம்.

மேலே சொன்ன 16,380 ரூபாய் மதிப்புள்ள வீட்டுக்கு இது ஆண்டுக்கு 1,146 ரூபாய் 60 காசு. அந்த வீடு 1,000 அல்ல, 900 சதுர அடிதான் என்று தெரிந்தால் மதிப்பு 14,742 ஆகிவிடும். தண்ணீர் வரி 1,031 ரூபாய் 94 காசு ஆகும். ஒரே திருத்தத்தில் இரண்டு வரி குறையும்!

எங்கே தப்பு வரும்?

பொதுவாகத் தப்பு நேரும் இடங்கள் இவை:

சதுர அடி கூடுதலாக ஏறியிருப்பது.

குடியிருக்கும் வீட்டைக் கடை என்று பதிந்திருப்பது. முன்பு தரைத் தளத்தில் பெட்டிக்கடை இருந்திருக்கும். கடையை மூடி வருஷக்கணக்கு ஆகியிருக்கும். பதிவேட்டில் மட்டும் கடை நடந்துகொண்டே இருக்கும்!

ஒரே வீட்டுக்கு இரண்டு பில் எண் விழுந்திருப்பது. பாகப்பிரிவினை ஆன வீடுகளில் இது நேரும்.

இடித்த பகுதிக்கு இன்னமும் வரி வருவது. இடித்தால் இடித்ததாகத் தகவல் கொடுக்க வேண்டும். கொடுக்காதவரை அந்தப் பகுதி காகிதத்தில் நின்றுகொண்டே இருக்கும்.

தெருவின் வீதம் மாறியிருப்பது. உள் சந்தில் இருக்கும் வீட்டுக்கு மெயின் ரோடு வீதம் போட்டிருப்பார்கள்.

கட்டிய பணம் வரவு வைக்கப்படாமல் பாக்கியாகக் காட்டுவது.

இவற்றில் எது உங்களுக்குப் பொருந்துகிறது என்று தெரியவில்லையா? மாநகராட்சி இணையதளத்தில் பில் எண்ணைப் போட்டால் கட்டியதும் பாக்கியும் தெரியும். அதுவும் போதாது என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய் கட்டணத்தில், "என் வீட்டு வரிவிதிப்புப் பதிவேட்டின் நகல் வேண்டும்" என்று மனு போடலாம். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும் என்பது சட்டம். நகல் கைக்கு வந்துவிட்டால் எந்த எண் தப்பு என்று விரல் வைத்துக் காட்டலாம்.

மனு எழுதுவது எப்படி?

முதல் மனு மாநகராட்சி ஆணையருக்கு. கொடுக்கும் இடம் உங்கள் மண்டல அலுவலகத்தின் வருவாய்ப் பிரிவு. ரிப்பன் மாளிகைக்கு அலைய வேண்டியதில்லை.

மனுவில் அழுகை வேண்டாம். "கஷ்டப்படுகிறேன், குறைத்துக் கொடுங்கள்" என்று எழுதினால் பயன் இல்லை. இது வருமானத்தைப் பார்த்துப் போடும் வரி அல்ல. கட்டடத்தைப் பார்த்துப் போடும் வரி. ஆகவே கட்டடத்தைப் பற்றி எழுதுங்கள்.

"என் வீடு 1,190 சதுர அடி. பதிவேட்டில் 1,230 என்று உள்ளது. இத்துடன் ஆதாரம் இணைத்துள்ளேன். நேரில் அளந்து பார்த்துத் திருத்தும்படி கேட்டுக்கொள்கிறேன்." இவ்வளவு போதும்.

இணைக்க வேண்டியவை: வரி ரசீது, கிரயப் பத்திர நகல், அனுமதி பெற்ற கட்டட வரைபடம், வீட்டு உபயோக மின்சார அட்டை. கடை இல்லை என்று காட்ட வேண்டுமானால் போட்டோ எடுத்து வையுங்கள்.

மனு கொடுத்ததும் ஒப்புகைச் சீட்டு கேட்டு வாங்குங்கள். "போங்க சார், பார்த்துக்கலாம்" என்றால் நகராதீர்கள். சீட்டுத் தராவிட்டால் ஒப்புகை அட்டையுடன் தபாலில் அனுப்புங்கள். தேதிதான் முக்கியம். புதிய வரி நோட்டீசு வந்திருந்தால், ஆட்சேபணைக்கான கெடு அந்த நோட்டீசிலேயே இருக்கும். அதைத் தாண்டிவிட்டால், நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் கதவு சாத்திவிடும்.

அளக்க ஊழியர் வரும்போது வீட்டில் இருங்கள். நீங்களும் ஒரு டேப்பைப் பிடித்து அளவுகளைக் குறித்து வையுங்கள். ஆனால் ஒன்று: மொட்டை மாடியில் அனுமதி இல்லாமல் அறை கட்டியிருப்பவர்கள் யோசித்து மனு போடுங்கள். குறைக்கக் கேட்டு அழைத்து வந்து, கூடுதலாகப் போட்டுக்கொள்ளும் கதையாகிவிடும்!

மேல்முறையீடு

ஆணையரின் முடிவு திருப்தி இல்லை என்றால் அதோடு முடிந்தது என்று அர்த்தம் இல்லை. அதற்கு மேலே மேல்முறையீடு உண்டு. அதற்கும் மேலே நீதிமன்றம் உண்டு.

சென்னைக்கு 1919-ம் ஆண்டு முதல் தனி மாநகராட்சிச் சட்டம் இருந்தது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கான பொதுச் சட்டமும் விதிகளும் அதன் இடத்துக்கு வந்துவிட்டன. ஆகவே பழைய சட்டப் பிரிவுகளைப் பார்த்து மனு எழுதிக் கொடுப்பவர்களிடம் ஜாக்கிரதை. உத்தரவுக் கடிதத்தில் "எங்கே, எத்தனை நாளுக்குள்" என்று இருப்பதைப் படித்து அதன்படி செய்யுங்கள்.

மனு போட்டாச்சு, வரி கட்ட வேண்டாம் என்று இருந்துவிடாதீர்கள். இதுதான் பலர் செய்யும் தப்பு. மனு நிலுவையில் இருப்பதால் வரி நிற்காது. "ஆட்சேபணையுடன் செலுத்துகிறேன்" என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் கட்டுங்கள். குறைந்தால் அடுத்த தவணையில் கழித்துக்கொள்ளச் சொல்லிக் கேட்கலாம். வரியைக் கட்டாதவரின் மேல்முறையீடு நிற்காது.

சலுகைகள்

அரையாண்டு தொடங்கி முதல் 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை கழிக்கப்படுகிறது. அதிகபட்சம் 5,000 ரூபாய். அதாவது ஏப்ரல் 30-க்குள், அக்டோபர் 30-க்குள். 3,710 ரூபாய் கட்டுகிறவருக்கு 185 ரூபாய் 50 காசு மிச்சம். இரண்டு தவணைக்கும் சேர்த்து 371 ரூபாய். ஒரு நாள் பஸ் செலவுக்கு மேல் நல்ல லாபம்!

இழுத்தடித்தால் மாதம் 1 சதவீதம் வட்டி ஏறும்.

வீடு மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்கிறதா? 1919 சட்டத்தில் இதற்குத் தள்ளுபடி இருந்தது. தொடர்ந்து 30 நாளோ அதற்கு மேலோ ஆள் இல்லாமல் கிடந்தால், அந்த நாட்களுக்கு ஏற்ப, கட்டடத்துக்கான வரியில் பாதிக்கு மிகாமல் கழித்தார்கள். கெடுவுக்குள் எழுதிக் கேட்டவர்களுக்குத்தான் அது கிடைத்தது. இப்போதும் வீடு பூட்டிக் கிடந்தால் மண்டல ஆபீசில் எழுத்து மூலம் கேளுங்கள். கேட்காதவருக்கு யாரும் வீடு தேடி வந்து தள்ளுபடி தரமாட்டார்கள்.

வீட்டை வாடகைக்கு விட்டு வருமான வரி கட்டுகிறவர்கள், தாங்கள் அந்த ஆண்டில் கட்டிய வீட்டு வரியை வாடகை வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். கட்டியிருந்தால்தான் கழிவு. பாக்கி வைத்திருந்தால் கிடையாது. குடித்தனக்காரர் கட்டியதையும் கழிக்க முடியாது.

பெயர் மாற்றம்

வீடு வாங்கி, பத்திரம் பதிந்து, பால் காய்ச்சிக் குடியேறியாச்சு. ஆனால் வரி ரசீது மட்டும் பழைய சொந்தக்காரர் பெயரில்! நகரில் இப்படி எத்தனையோ வீடுகள்.

இது இரண்டு பேருக்கும் ஆபத்து. விற்றவர் பெயரில் பாக்கி சேரும். வாங்கியவருக்கு நோட்டீசே வராது. நோட்டீசு வராவிட்டால் ஆட்சேபிக்கும் கெடு போய்விடும்.

அப்பா காலமான பிறகு பிள்ளைகள் பெயர் மாற்றாமல் விடுவதும் சகஜம். வாரிசுச் சான்றிதழ், இறப்புச் சான்றிதழ் கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள். அண்ணன் தம்பி தகராறு வந்த பிறகு மாற்றப் போனால் ஒரு கையெழுத்துக்கு ஒரு வருஷம் அலைய வேண்டி வரும்.

ஆனால் ஒன்று. வரி ரசீது உங்கள் பெயரில் இருப்பதாலேயே வீடு உங்களுடையது ஆகிவிடாது. ரசீது, வரி கட்டியதற்குச் சாட்சி. சொத்துக்குச் சாட்சி பத்திரம்தான். வெறும் வரி ரசீதைக் காட்டி வீடு விற்க வருகிறவர்களை நம்ப வேண்டாம்.

புரோக்கர் வேண்டாம்

"ஐயாயிரம் கொடுங்க சார், வரியைப் பாதியாக்கித் தர்றேன்" என்று மண்டல ஆபீசு வாசலில் யாராவது சொன்னால் ஒதுங்கிப் போங்கள். அவர் செய்வது பதிவேட்டில் அளவைக் குறைத்துக் காட்டுவதாக இருக்கலாம். பிறகு கட்டடத்தை அளக்கும்போது குட்டு உடைந்தால், குறைத்துக் கட்டியதையும் சேர்த்துக் கேட்பார்கள். அப்போது புரோக்கர் இருக்க மாட்டார். வீட்டுக்காரர்தான் இருப்பார்.

பணத்தை யார் கையிலும் ரசீது இல்லாமல் கொடுக்க வேண்டாம். மாநகராட்சி வரி வசூலிப்பாளர், இ-சேவை மையம், மாநகராட்சி இணையதளம் என்று வழிகள் இருக்கின்றன. எதில் கட்டினாலும் ரசீது வரும். புகார் சொல்ல 1913 என்ற எண் இருக்கிறது.

இந்த வாரமே ஒரு வேலை செய்யுங்கள். பீரோவில் உள்ள பழைய ரசீதையும் கிரயப் பத்திரத்தையும் எடுங்கள். பத்திரத்தில் உள்ள சதுர அடியும் பதிவேட்டில் உள்ள சதுர அடியும் ஒன்றா என்று பாருங்கள். ஒன்றாக இருந்தால் அடுத்த தவணையை முதல் மாதத்திலேயே கட்டி 5 சதவீதத்தை மிச்சம் பிடியுங்கள். வித்தியாசம் இருந்தால் அன்றைக்கே மனு எழுதுங்கள்!